கீசர் கடகடத்தால் செலவு யார் தலையில்?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு அம்மா கூப்பிட்டாள். "டேய், உள்ள யாரோ சோளம் பொரிக்கிற மாதிரி இருக்குடா. வந்து கேளு." போய்க் காதைக் கொடுத்தேன். சுவரில் தொங்கும் 15 லிட்டர் கீசருக்குள் பட், படபட, பட் என்று எதுவோ வெடித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். ஸ்விட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் அடங்கியது.

நாங்கள் இருப்பது தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு வாடகை வீட்டில். போர் தண்ணீர். குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரக்கும். ஷவரில் பாதித் துளை அடைத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தோமே தவிர, கண்ணுக்குத் தெரியாத கீசருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஒரு வாரத்தில் மூன்று பேரிடம் பேசினேன். சர்வீஸ் டெக்னீஷியன், "ஹார்ட் வாட்டர் சார், வாரண்டியில வராது" என்றார். ஹவுஸ் ஓனர், "கீசர் ரிப்பேரெல்லாம் குடியிருக்கிறவங்க செலவு தம்பி" என்றார். தெருமுனை எலக்ட்ரீஷியன், "சத்தம் வந்தா வரட்டும் சார், தண்ணி சுடுதுல்ல?" என்று முடித்துக்கொண்டார். மூன்று பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கீசரில் வரும் சத்தம் ஒரே சத்தமல்ல. ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு இடத்திலிருந்து வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அது குடியிருப்பவர் செலவா, வீட்டுக்காரர் செலவா, கம்பெனி செலவா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் அந்தச் சோளப்பொரி. உலை வைத்துப் பழகியவர்களுக்கு இதன் மூலம் பிடிபடும். உலைத் தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்னால் 'ஸ்ஸ்' என்று இரையும். அடியில் உண்டாகும் ஆவிக் குமிழிகள், மேலே இன்னும் ஆறியிருக்கும் தண்ணீரில் பட்டு நொறுங்குகிற ஓசை அது. தண்ணீர் முழுக்கச் சூடேறித் தளதளவென்று கொதித்ததும் இரைச்சல் தணிந்துவிடும். கீசரில் தண்ணீர் கொதிக்கவே கூடாது. 60 டிகிரி வாக்கில் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்திவிட வேண்டும். ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் மீது படிவு ஏறிவிட்டால், படிவின் விரிசல்களுக்குள் சிக்கிய துளித் தண்ணீர் மட்டும் தனியாகக் கொதிநிலைக்குப் போய் ஆவியாகிறது. ஆவி வெளியே வந்த நொடியே சுற்றியுள்ள தண்ணீரில் நொறுங்குகிறது. ஒரே சமயத்தில் நூறு இடத்தில் இது நடந்தால், தகர டேங்க் அதைப் பறை போல வாங்கி ஒலிக்கிறது.

இந்தப் படிவை நாம் 'உப்பு' என்று சொன்னாலும் அது சாப்பாட்டு உப்பு அல்ல. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. முட்டை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். தண்ணீர் சூடேற ஏற இந்தப் படிவு வேகமாகும். அதனால்தான் குழாயில் பூப்பதைவிடக் காயிலில் பல மடங்கு பூக்கிறது. பிறகு எங்கள் கீசரைக் கழற்றியபோது பார்த்தேன். விரல் தடிமன்கூட இல்லாத காயில் சேப்பங்கிழங்கு போல வீங்கியிருந்தது. டேங்கின் அடியிலிருந்து, உடைந்த அப்பளம் மாதிரி சில்லு சில்லாக இரண்டு கை நிறைய வந்தது.

சத்தம் மட்டும்தானே, பொறுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். எலக்ட்ரீஷியன் சொன்னதும் அதுதான். காயில் என்பது ஓர் உலோகக் குழாய். அதற்குள் நிக்ரோம் கம்பி, கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி. கம்பியின் சூடு குழாய் வழியாகத் தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருந்தால்தான் காயில் தாங்கும். படிவு கம்பளி போர்த்தியது போல மூடிக்கொண்டால் சூடு வெளியேற வழியில்லாமல் குழாய் தன் சூட்டிலேயே வெந்து விரிசல் விடும். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்தப் பொடி நனைந்து, கரண்ட் தண்ணீருக்குக் கசியும். எர்த் சரியாக இருந்து, கரண்ட் கசிந்தால் தானே விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் வீட்டு கரண்ட் கட்டாகி உயிர் தப்பும். இரண்டும் இல்லாத வீட்டில் அடுத்த சேதி ஷவரின் கீழே நிற்பவரின் உடம்புக்குத்தான் வரும்.

காது சொல்வதை எழுதி வையுங்கள்

எந்தச் சத்தம் எங்கிருந்து என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சத்தம் வரும்போது போர்டில் கீசருக்கான எம்.சி.பி. ஸ்விட்சை அணையுங்கள். கத்தரித்தது போல அந்த நொடியே நின்றால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. சில விநாடி இழுத்து முனகி அடங்கினால் தண்ணீரும் படிவும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் வருகிறது என்றால், கீசரின் மேல் பழி போடாதீர்கள், அது பிளம்பிங். பாதி மூடிய வால்வு விசிலடிக்கும். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் சுவருக்குள் பைப் 'டொம்' என்று முட்டும். மொட்டை மாடியில் பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

'டிக்' என்று எப்போதாவது ஒன்று, பிறகு நீண்ட அமைதி. இது தெர்மோஸ்டாட் விழுவதும் எழுவதும். டேங்க் சூடேறும்போதும் ஆறும்போதும் உலோகம் விரிந்து சுருங்குவதாலும் இப்படி வரும். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

'ம்ம்ம்' என்று சீரான ரீங்காரம். நம் மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது, அதனால் தளர்ந்த காயில் விநாடிக்கு 100 முறை அதிரும். காயில் போல்ட்டையோ சுவரில் மாட்டிய கொக்கியையோ இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அபார்ட்மெண்டுகளில் நாலரை அங்குலச் சுவரில் மாட்டினால், நம் கீசர் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் பாடும். பின்பக்கம் ரப்பர் வாஷர் வைத்து மாட்டச் சொல்லுங்கள். இதற்காக ஒலி மாசு விதிகளைத் தூக்கிக்கொண்டு போலீஸுக்குப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு வாஷரில் முடியவேண்டிய விஷயம், இரண்டு குடும்பங்கள் இன்றுவரை பேசுவதில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியவர்களும் 'கிர்ர்' என்ற ஓசையைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அடிப்பாகத்தில் இரண்டு மூன்று உலோகம் ஒட்டிய பாத்திரம் அதிர்வதுதான் காரணம். பாத்திரத்தை மாற்றிப் பாருங்கள், போய்விட்டால் அடுப்பில் குறையில்லை.

'உஸ்ஸ்' என்ற சீறல் வேறு ரகம். கீசரின் மேலோ பக்கத்திலோ இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது என்று புகார் சொல்பவர்கள் நிறைய. 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் 15 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 200 மில்லி பெருகும். திரும்பிப் போக வழியில்லாவிட்டால் அந்த ஒரு டம்ளர் தண்ணீர் வால்வு வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகவே சூடேறும்போது சொட்டுவது வேலை செய்வதற்கான அடையாளம். சிலர் 'ஒழுகுது' என்று எம்-சீல் வைத்து அதை அடைத்துவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கரண்ட் நிற்காமல் ஓடும் நாளில், அந்த அடைப்புதான் கீசரை வெடிகுண்டாக்கும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வால்வு தொடர்ந்து சீறி, ஆவியும் வந்தால் குழாயைத் திறக்காதீர்கள், கீசரைத் தொடாதீர்கள். பாத்ரூமை விட்டு வெளியே வந்து எம்.சி.பி.யை அணைத்துவிட்டு ஆற விடுங்கள்.

பிளக்கில் வரும் சத்தம்

நான் மிகவும் பயப்படுகிற சத்தம் கீசருக்கு வெளியே வருவது. பிளக் பாயிண்டிலோ ஸ்விட்ச் பெட்டியிலோ 'கிறுகிறு', 'சிர்ர்' என்று எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி மெல்லக் கேட்கும். ரேடியோவோ மோட்டாரோ ஓடினால் காதில் விழாது. எங்கள் வீட்டில் சோளப்பொரிச் சத்தத்தைத் தேடிப் போனபோதுதான் இதுவும் இருப்பது தெரிந்தது. பிளக்கைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறியிருந்தது.

2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் வேண்டும். தளர்ந்த பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே வெறும் அரை ஓம் தடை உண்டாகிவிட்டால்கூட, 8.7 ஆம்பியர் அதன் வழியே போகும்போது அந்த ஒரு புள்ளியில் சுமார் 38 வாட் சூடு பிறக்கும். டி.வி. மெக்கானிக் கையில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்னின் சூடு அவ்வளவுதான். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் சொருகி வைத்துவிட்டு நாம் தினமும் குளிக்கப் போகிறோம்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். கரண்ட் அளவுக்கு மேல் போனால்தான் அது விழும். இங்கே அளவு கூடவில்லை. கரண்ட் கசிந்தால்தான் ஆர்.சி.சி.பி. விழும். இங்கே கசியவும் இல்லை. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் கருவிகள் உங்கள் காதும் மூக்கும்தான். பிளாஸ்டிக் கருகும் நாற்றம், தொட்டால் பிளக்கில் வெதுவெதுப்பு, மெல்லிய சிரிப்பொலி மாதிரி ஒரு கிறுகிறுப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குக் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். பிளக்கை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. சாக்கெட்டின் வில் தளர்ந்திருக்கும், உள்ளே ஒயர் முனை கருகியிருக்கும். சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றி, கருகிய ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி முறுக்கச் சொல்லுங்கள். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் சொருக உதவும் கன்வெர்டரைக் குப்பையில் போடுங்கள்.

டி.டி.எஸ். பேனாவும் வாரண்டியும்

எங்கள் வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் கீசரைக் கழற்றுவதற்கு முன்பே பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கினார். 1,140 என்று காட்டியது. "பாருங்க சார், ஆயிரத்துக்கு மேல. வாரண்டி கேன்சல்." டம்ளரை வைத்துவிட்டுக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

அந்தப் பேனா அளப்பது டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாப் பொருட்களின் மொத்தக் கணக்கு. அதுவும் தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. காயிலில் படிவது கால்சியமும் மெக்னீசியமும் தரும் கடினத்தன்மை. கடலோரக் கிணற்றில் சோடியம் குளோரைடு நிறைய இருந்தால் டி.டி.எஸ். எகிறும், ஆனால் படிவு அதற்கேற்பக் கூட வேண்டும் என்பதில்லை. டி.டி.எஸ். எண்ணைக் காட்டி 'கடினநீர்' என்று எழுதுவது, எடைத்தராசில் ஏற்றிவிட்டு சர்க்கரை வியாதி என்று சொல்வது மாதிரி. கடினத்தன்மையை ஆய்வகத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது. உங்கள் எண் இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல கம்பெனிகளின் வாரண்டி அட்டையில் தண்ணீரின் தன்மைக்கு ஒரு வரம்பு பொடியெழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. படிவால் காயில் போனால் பொறுப்பில்லை என்றும் இருக்கும். ஆகவே முதலில் அட்டையைப் படியுங்கள். வரம்பு எந்த அளவில் சொல்லப்பட்டிருக்கிறது, டி.டி.எஸ்.ஸா, கடினத்தன்மையா? அந்த விலக்கு காயிலுக்கு மட்டுமா, டேங்குக்கும் சேர்த்தா? டேங்க், காயில், மொத்தக் கருவி மூன்றுக்கும் வேறு வேறு ஆண்டுக் கணக்கு இருப்பது வழக்கம். ஒட்டிப்போன தெர்மோஸ்டாட்டுக்கும், முதல் மாதத்திலேயே ரீங்காரமிடும் காயிலுக்கும் உங்கள் கிணற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவற்றையும் 'ஹார்ட் வாட்டர்' கணக்கில் எழுத விடாதீர்கள்.

டெக்னீஷியன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிப்பது அவமரியாதை அல்ல. எனக்கு வந்த தாளில் 'புகார்' என்ற கட்டத்தில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று இருந்தது. அடித்துவிட்டு, 'சூடேறும்போது வெடிக்கும் சத்தம், பிளக்கில் கிறுகிறுப்பு' என்று என் கையால் எழுதி, தேதி போட்டு, போனில் படமெடுத்துக்கொண்டேன். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் பின்னால் எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான்.

சர்வீஸ் என்ற பெயரில் சிலர் டாய்லெட் கழுவும் ஆசிடை டேங்குக்குள் ஊற்றிவிடுகிறார்கள். நுரைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் படிவு கரையும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். கூடவே காயிலின் மேல்தோலும் டேங்கின் உள்பூச்சும் போகும். காயிலைக் கழற்றி வெளியே எடுத்து, சிட்ரிக் ஆசிட்டிலோ வினிகரிலோ ஊறப்போட்டுச் சுரண்டுவதுதான் பாதுகாப்பு. கழற்றும் நாளில் உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனோடு என்பார்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. வெறும் முள்ளாக நின்றால் மாற்றிவிட வேண்டும். சேஃப்டி வால்விலும் இதே படிவு அடைத்திருக்கும் என்பதால் அதையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது.

சத்தத்தோடு இன்னொரு குறையும் சேர்ந்து வரும், தண்ணீர் சுட நேரமாகிறது என்று. கணக்குப்படி 2,000 வாட் கீசர் 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 18 நிமிடம் பிடிக்கும். வீட்டுக்கு வரும் வோல்டேஜ் 190 ஆகத் தாழ்ந்தால் அதே கீசர் சுமார் 1,365 வாட்தான் தரும், நேரம் 27 நிமிடமாகும். அக்கம்பக்கத்திலும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் காசை விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. குறைந்த வோல்டேஜ் என்று பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள்.

யார் செலவு?

இனி ஹவுஸ் ஓனர் சொன்ன பாதி உண்மை. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எந்த ரிப்பேர் யாருடையது என்று இரண்டாம் அட்டவணையில் பட்டியலே போட்டிருக்கிறது. அதில் கீசர் ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம் நிற்கிறது. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட் எல்லாம் அதே பக்கம்தான். ஓனர் சொன்னது சரி. ஆனால் தேவைப்படும்போது உள் ஒயரிங்கையும் வெளி ஒயரிங்கையும் சரிசெய்வது, பைப் மாற்றுவது வீட்டுக்காரர் பக்கம். சாக்கெட் மட்டும் தளர்ந்திருந்தால் என் செலவு, சுவருக்குள் கம்பி மெல்லியதாக இருப்பதால் சாக்கெட் கருகியிருந்தால் அவர் செலவு. எர்த் கம்பியே இழுக்காத வீடு என்றால் அதுவும் அவருடையது. இந்த அட்டவணை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும்தான். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடும் நம்மில் எத்தனை பேர் கீசரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோம்?

கம்பெனி பக்கம் வருவோம். எங்கள் கீசரை வாங்கியது ஓனர், பில் அவர் பெயரில். 'பில் உங்கள் பெயரில் இல்லையே' என்று வாடிக்கையாளர் சேவையில் தட்டிக்கழித்தார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். பில்லின் நகலை ஓனரிடம் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டால் போதும்.

புகார் எழுதுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'கீசர் சரியில்லை, உடனே மாற்றித் தரவும்' என்று எழுதினால் பதில் வராது. 'வாங்கிய தேதி இது, முதலில் சத்தம் கேட்ட தேதி இது, ஸ்விட்ச் போட்ட நான்காவது நிமிடம் சத்தம் தொடங்குகிறது, அணைத்தால் அரை நிமிடத்தில் நிற்கிறது, உங்கள் டெக்னீஷியன் வந்தது இந்த நாள், அவர் எழுதியது இது, வீடியோ இணைப்பில்' என்று எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டிய கடிதமாகிவிடும். வீடியோ எடுக்கும்போது கீசரின் சிவப்பு விளக்கும் ஓர் ஓடும் கடிகாரமும் படத்தில் விழட்டும். கழற்றிய பழைய காயிலைக் கொடுத்துவிடாதீர்கள். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகத்தைக் கம்பெனி கேட்கலாம், அப்போது நாலாபுறமும் படமெடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். இது வழக்கு அல்ல, கம்பெனிக்கு அரசுத் தரப்பிலிருந்து ஒரு தட்டல். நான் பார்த்தவரை இந்தத் தட்டலிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறை இருக்கிறதா என்பதில் சண்டை வந்தால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வு தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். பழுதை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம்.

ஷாக் அடித்தோ, வெடித்தோ, தீப்பிடித்தோ ஆளுக்கும் வீட்டுக்கும் சேதம் என்றால் அது வெறும் வாரண்டிச் சண்டை அல்ல. அதே சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மூவரையும் கேட்கலாம். எம்-சீல் வைத்த வால்வும் எர்த் பின் உடைத்த பிளக்கும் இந்த இடத்தில்தான் காலை வாரும். பொருளை நீங்களே மாற்றியமைத்தீர்கள், தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

வாட்டர் ஹீட்டருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, இப்போது செல்லுமா என்று காட்டிவிடும். பக்கெட்டில் போடும் ஹீட்டர் கம்பிக்கும் இதே கதைதான். பஜாரில் குறைந்த விலைக்குத் தொங்கும் பெயரில்லாத கம்பிகளில் பலவற்றில் முத்திரையும் இல்லை, எர்த் பின்னும் இல்லை. முத்திரை போலி என்று தெரிந்தால் அதே செயலியில் புகார் செய்யலாம்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்றால், யாருக்கும் முழு வெற்றி இல்லை. உப்பெடுத்த கூலி நான் கொடுத்தேன். காயிலில் விரிசல் இருந்தது. 1915-க்குப் போன பிறகு கம்பெனி காயிலை இலவசமாக மாற்றித் தந்தது, தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து. பிளக் பாயிண்டைத் திறந்தபோது உள்ளே விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயர் கிடந்தது. ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கருகிய முனையை விரலால் தேய்த்துப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே ஆள் அனுப்பிப் புதுக் கம்பி இழுத்து, எர்த்தும் போட்டுக்கொடுத்தார். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. வைக்கும் செலவைப் பாதிப்பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

சித்திரையில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். டைப் அடித்த தாளின் கடைசியில் பேனாவால் ஒரு வரி எழுதி ஓனரிடம் நீட்டினேன்: 'கீசரின் காயில், டேங்க், ஒயரிங் வீட்டு உரிமையாளர் பொறுப்பு, ஆண்டுக்கு ஒருமுறை உப்பெடுக்கும் செலவு குடியிருப்பவருடையது.' கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவை வாங்கி, அந்த வரியின் முடிவில் 'ரசீதுடன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.